திருமலையில், அதாவது நம்ம திருகோணமலையில், போதைப்பொருள் த்ரில்லர் எடுக்கப் போகிறீர்களா?

முதலில் அந்த விளையாட்டுத் துப்பாக்கியைக் கீழே வையுங்கள். குறும்படம் எடுக்கப்போகிறோம் அண்ணா என்று என்னிடம் வருகிற பொடியன்களில் பாதிப்பேர் கொண்டுவருவது போதைப்பொருள் கதைதான். அதில் பெரும்பாலும் முதற்பக்கத்திலேயே ஒருவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறான், உருவிய கையோடு சென்னைத் தமிழும் பேசத் தொடங்கிவிடுகிறான். உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன் ஏனப்பா திடீரென்று வடசென்னைக்காரன் ஆனான் என்று கேட்டால், த்ரில்லர் என்றால் அப்படித்தானே என்கிறார்கள். நான் பெரிய இயக்குநர் இல்லை. நாலு குறும்படம் எடுத்திருக்கிறேன், அதில் ஒன்று இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. ஆனால் இந்த ஊரில் இந்த மாதிரிப் படம் எடுக்கப்போய் எங்கெங்கே முட்டுப்படும் என்பது தெரியும், அதைத்தான் எழுதுகிறேன்.

கதையில் இருந்து தொடங்குவோம். போதைப்பொருள் வியாபாரத்தில் ஏன் இவ்வளவு அடிதடி, வெட்டுக்குத்து? கெட்டவர்கள் என்பதால் மட்டும் இல்லை. மூலைக்கடைக்காரர் உங்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தால் கொப்பியில் எழுதி வைக்கிறார், நீங்கள் கொடுக்காவிட்டால் வீட்டு வாசலில் நின்று மானத்தை வாங்குகிறார். லீசிங்காரன் என்றால் வழக்குப் போடுகிறான், வாகனத்தைத் தூக்குகிறான். பத்து இலட்சத்துக்குத் தூள், அதாவது ஹெரோயின், கடன் கொடுத்தவன் எந்தப் பொலிஸுக்குப் போவான், எந்த நீதவானிடம் முறையிடுவான்? அவனுடைய வியாபாரமும் கடனில்தான் ஓடுகிறது, கடனை வசூலிக்க மட்டும் வழி இல்லை. அந்த இடத்தில்தான் கத்தி வருகிறது. இதைப் பிடித்துவிட்டால் படத்தின் பாதி வேலை முடிந்தது.

அதனால் திரைக்கதை எழுதுமுன் ஒரு கடன் கொப்பி எழுதுங்கள். உண்மையாகவே கடையில் ஒரு தடித்த அட்டைச் சிஆர் கொப்பி வாங்கி. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், எந்தத் தேதிக்குள், அந்தக் காசை அவன் வேறு யாரிடம் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறான். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சம்மாட்டியின், படகு முதலாளியின், மகன் அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய பைபர் படகைக் கொண்டுபோய்க் கடலில் ஆறு பொதி இறக்கி எடுக்கிறான், திரும்பி வரும்போது தூரத்தில் கடற்படைப் படகின் வெளிச்சம் தெரிகிறது, பயத்தில் ஆறையும் கடலில் தள்ளிவிடுகிறான். பொதி போய்விட்டது, கடன் போகவில்லை. 12 இலட்சம், அடுத்த வெள்ளிக்குள். இதற்குமேல் உங்களுக்கு வில்லன் எதற்கு, அந்த வெள்ளிக்கிழமை போதும். படத்தில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் கொப்பியில் ஒரு வரி இருக்கவேண்டும். வரி இல்லாத அடியை வெட்டிவிடுங்கள், எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும்.

எந்தச் சரக்கு என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு படம். கேரள கஞ்சா என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் இறங்குகிறது. திருமலைக்குள் அதைக் கொண்டுவருவது என்றால் உங்கள் படம் தரைவழிப் படம்: லொறி, பஸ், சோதனைச்சாவடி. ஹெரோயின் அரபிக்கடல் பக்கமிருந்து வந்து நடுக்கடலில் பலநாள் படகுகளுக்குக் கைமாறுகிற சரக்கு, அது கடல் படம், காசும் ஆட்களும் பெரிது, உங்கள் பட்ஜெட் தாங்காது. ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமைன், சட்டைப்பைக்குள் அடங்கும். அது வீட்டுக்குள் நடக்கிற படம், இரவு முழுக்க நித்திரை கொள்ளாத மகன், காணாமல்போகிற அம்மாவின் சங்கிலி. என்னைக் கேட்டால் கையில் ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்கிறவர்கள் மூன்றாவதை எடுக்கவேண்டும், ஆனால் எல்லோருக்கும் படகுதான் பிடிக்கிறது.

தகவல் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு விற்கிறவனைத் தேடிப் போகாதீர்கள். தேவையும் இல்லை, நீதிமன்றம் இருக்கிறது. திறந்த நீதிமன்றத்தில் பின்வாங்கிலில் ஒழுங்காக உடுத்திக்கொண்டு சத்தம்போடாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு காலையிலேயே பத்துப் படத்துக்குக் கதை கிடைக்கும். போன் வெளியே வந்தால் நீங்களும் வெளியே. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் சினிமா வில்லன் மாதிரி இருக்கமாட்டான், காலில் பாட்டா செருப்பு, பின்னால் குழந்தையோடு மனைவி. சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயின் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள். 2022இல் ஐஸையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும் தண்டனை வாசிக்கப்படும்போது அந்த மண்டபம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, பிடிபட்ட தூளில் கலப்படம் போகச் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைதான் சொல்லும். அறிக்கை வரும்வரை ஒருவன் விளக்கமறியலில் உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய உயிர் ஒரு தராசில் இருக்கிறது, வெளியே கடன் கொடுத்தவன் அவன் வாய் திறப்பானா என்று கணக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறான். துரத்தல் காட்சி வேண்டும் என்கிறீர்களே, இதைவிடவா?

இனி வன்முறை. ஒரே ஒரு அடியை முழுசாகக் காட்டுங்கள். மற்றதெல்லாம் காதுக்கு. கதவு சாத்தப்படுகிறது, கமரா வெளியே முற்றத்தில் நிற்கிறது, உள்ளே இருந்து சத்தம், முற்றத்தில் ஒரு கோழி கிண்டிக்கொண்டு இருக்கிறது. எங்கள் படத்தில் அந்தக் கோழியை நாங்கள் வேண்டுமென்று வைக்கவில்லை, அது தானாக வந்தது, படம் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். சத்தத்துக்கு முழுக் கோவா (முட்டைக்கோஸ்) ஒன்றை ஈரத்துணியில் சுற்றித் தடியால் அடியுங்கள், உடம்பில் விழுகிற அடி மாதிரியே கேட்கும். எலும்பு முறிகிற சத்தத்துக்கு இரண்டு மூன்று கரட்டைச் சேர்த்துப் பிடித்து மைக்குக்குப் பக்கத்தில் முறித்தால் போதும். பிறகு அதைக் கறி வைக்கலாம்.

இரத்தம் வீட்டிலேயே செய்யலாம். ஒரு கோப்பை சீனி, அரைக் கோப்பை தண்ணீர், பாகாகக் காய்ச்சி ஆறவிடுங்கள், கேக்குக்குப் போடுகிற சிவப்பு நிறம், அரைத் தேக்கரண்டி கொக்கோ தூள். கொக்கோவை விட்டால் போன் கமராவில் ரோஸ் நிறமாகப் பல்லிளிக்கும். இன்னும் பளபளப்பாக இருந்தால் பச்சை நிறம் ஒரே ஒரு சொட்டு. தடிப்பாக வேண்டுமென்றால் கோர்ன்பிளவர் கரைத்துச் சேர்க்கலாம். கடையில் வாங்குகிற பெயின்ட், சாயம் எதையும் முகத்தில் பூசாதீர்கள். சீனிப்பாகில் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, எறும்பு. செத்தவனாக மணலில் படுத்திருந்த எங்கள் நடிகன் மூன்றாவது டேக்கில் எழுந்து ஓடினான், பிணம் ஓடுவதைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. மற்றது, கறை. ஒரே மாதிரிச் சட்டை மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடைபாதைக் கடையில் வாங்கினால் போதும். இந்தச் சட்டைத் தொல்லை வேண்டாம் என்றால் கதையை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். 2019இல் வந்த கைதி படத்தின் கதை ஒரே இரவில்தான் நடக்கிறது, பாட்டும் இல்லை. அது பெரிய படம், ஆனால் அந்த யோசனை கையில் காசில்லாத நமக்குத்தான் அதிகம் உதவும்.

தூள் காட்சிகளில் யாரையும் எதையும் மூக்கால் இழுக்க விடாதீர்கள். மாவோ, பால்மாவோ, எதுவாக இருந்தாலும் நுரையீரலுக்குள் போனால் கெடுதல்தான். தேவைப்பட்டால் ஆளைப் பின்னாலிருந்து எடுங்கள், தலை குனிகிறது, நிமிர்கிறது, அவ்வளவு. பாவிக்கிற முறையைக் கிட்டத்தில் காட்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அதிலிருந்து மீண்டு வந்தவர்களும் உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறார்கள், லைட்டரும் ஈயத்தாளும் திரையில் பெரிதாகத் தெரிந்தாலே அவர்களுக்குக் கை நடுங்கும். ஐஸ் என்றால் கற்கண்டை இடித்து வைத்தால் திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பொதிக்கு வருவோம், இதில் நான் சொந்தமாகப் பட்டிருக்கிறேன். மண்ணிறப் பொலித்தீன் டேப்பால் சுற்றிய பொதி பார்க்க அச்சாக வரும், ஆனால் உள்ளே வெறும் பேப்பரைத் திணித்தால் நடிகன் அதை இறகு மாதிரித் தூக்குவான், பொய் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பாரம் வேண்டும் என்று நாங்கள் உமியும் உப்பும் கலந்து இரண்டு கிலோப்படி நாலு பொதி செய்தோம், ஓட்டோவில் போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்குப் புறப்பட்டோம், வழியில் மறித்தார்கள். இரண்டு மணித்தியாலம். நாலு பொதியையும் வெட்டித் தார்ரோட்டில் கொட்டிப் பார்த்தார்கள், ஓட்டோக்கார அண்ணன் அதற்குப் பிறகு எங்களை ஏற்றுவதே இல்லை. அவர்களில் பிழை இல்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் வெட்டித்தான் இருப்பேன். ஆகவே பொதியைச் செய்த கோலத்தில் தூக்கிக்கொண்டு ரோட்டில் திரியாதீர்கள். டேப்பையும் உமியையும் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கேயே சுற்றுங்கள், அடிப்பக்கத்தில் படப்பிடிப்புப் பொருள் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், முடிந்ததும் அங்கேயே பிரித்துவிடுங்கள்.

அனுமதி என்றால் பலருக்குக் கசக்கிறது. கசந்தாலும் செய்யவேண்டும். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம், கிராம அலுவலருக்கு ஒரு பிரதி, வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம். கடிதத்தில் தேதி, நேரம், ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், என்னென்ன போலிப் பொருட்கள், அவற்றின் படம். சிங்களத்திலும் ஒரு பிரதி வைத்திருந்தால் ரோட்டில் மறிக்கிறவருக்கு விளங்கப்படுத்துகிற நேரம் மிச்சம். துப்பாக்கி தேவைதான் என்று அடம்பிடித்தால் நாலு சுவருக்குள் எடுங்கள், அயலுக்கு முதல்நாளே சொல்லுங்கள், வெடி கொளுத்திச் சத்தம் எடுக்காதீர்கள். சத்தத்தை எடிட்டிங்கில் சேர்க்கலாம். இந்த ஊரில் இரவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கட்டிலுக்குக் கீழே போவார், அது நடிப்பாக இருக்காது.

கடற்கரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டொக்யார்ட் வீதிக் கடற்கரை, காந்தி சிலைப் பக்கம், மாலை வெளிச்சத்தில் மிக அழகான இடம், துப்பாக்கிச்சூட்டுக் காட்சிக்கு அதைத்தான் பலர் கேட்கிறார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் அங்கேதான் கொல்லப்பட்டார்கள். உங்களில் பலருக்கு அப்போது பால்குடி வயது. அங்கே துப்பாக்கிக் காட்சி எடுக்காதீர்கள். இதற்கு யாருடைய கடிதமும் போதாது.

மற்ற இடங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் கோணேசர் கோயிலுக்குப் போகவேண்டும், மான்கள் நிற்கிற அந்த வழியில் கொலைக் காட்சி எடுக்கலாமா என்று கேட்டவனும் இருக்கிறான். உட்துறைமுகத்தில் கடற்படைத் தளம், சீனன்குடாவில் விமானப்படை, உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள், திரையில் அபாரமாக இருக்கும், ஆசைப்படாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் இந்த ஊர் வானத்தில் அதைப் பறக்கவிடுவது உங்களையே நீங்கள் மாட்டிவிடுவது. புறாமலை தேசிய பூங்கா, அதுவும் வேண்டாம். மிஞ்சுவது என்ன என்கிறீர்களா? எல்லாமே மிஞ்சுகிறது. சந்தைக்குப் பின்னால் மீன்பெட்டி கழுவுகிற இடம், கூரை இல்லாத பழைய வீடு, சாம்பல்தீவுப் பக்கத்து வயல்வரம்பு, கடற்கரையில் மீனவர் தங்குகிற வாடி. கிண்ணியாப் பாலம் எனக்கு மிகவும் பிடித்தது, 396 மீற்றர், 2009இல் திறந்தார்கள், அதற்கு முன்பு சனம் பாதை என்கிற மிதவையில்தான் கடந்தது. பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் வருகிறது என்று தெரிந்தபிறகு அந்தப் பாலத்தில் திரும்ப முடியாது, ஒதுங்க முடியாது, மறுகரை வரைக்கும் போய்த்தான் ஆகவேண்டும். யாரும் யாரையும் துரத்தவே வேண்டாம், இரண்டு பேரும் முப்பதில் ஓடினாலே போதும். போக்குவரத்தை மறிக்காமல், ஓட்டோவின் பின்சீற்றில் இருந்து எடுங்கள்.

படகுக் காட்சியை இரவில், கடலுக்குள் போய் எடுக்காதீர்கள். பைத்தியக்கார வேலை, கடற்படை ரோந்து ஒரு பக்கம், நீச்சல் தெரியாத நடிகன் மறுபக்கம். கரையில் இழுத்துவைத்த படகில் ஆட்களை ஏற்றுங்கள், இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று மெல்ல ஆட்டட்டும், கமராவைத் தாழ வைத்து வானம் மட்டும் பின்னால் தெரியும்படி எடுங்கள், ஒருவர் வாளித் தண்ணீரைத் தெளிக்கட்டும். சூரியன் விழுந்து இருபது நிமிடத்துக்குள் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து எடிட்டிங்கில் நீலம் ஏற்றினால் நடுக்கடல் இரவு. கடலில் இரண்டே இரண்டு ஷொட் பகலில், சம்மாட்டியோடு, எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு எடுத்தால் ஒட்டிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை கடல் அமைதி, மழை குறைவு. ஆனால் அந்தக் காலத்துக் கச்சான் காற்று பின்னேரங்களில் மைக்கைத் தின்றுவிடும், அதனால் வசனமெல்லாம் காலை ஒன்பதுக்கு முன். ஒக்டோபருக்குப் பிறகு வாடை, மழை. அப்போது உள்வீட்டுக் காட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

வசனம். பெரிய புள்ளி ஒருபோதும் மிரட்டக்கூடாது. எங்கள் படத்தில் கடன் கேட்க வருகிற ஆள் பொடியனிடம் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா சுகமா தம்பி? போன வெள்ளி கோயில்ல கண்டனான். தனியத்தான் வந்தவ.” அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அவர் வருகிற நேரம் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டும் தெருவில் கேட்கும்படி வைத்தோம், இரண்டாம் முறை அந்தப் பாட்டு தூரத்தில் கேட்டபோதே பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்னணி இசைக்குக் கொடுக்க எங்களிடம் காசு இருக்கவில்லை என்பதுதான் உண்மை. பொலிஸ்காரர் சிங்களம் பேசினால் சிங்களமே பேசட்டும், கீழே எழுத்துப் போடுங்கள். பொடியன் அவரைச் சேர் என்று கூப்பிடட்டும். மூதூர், கிண்ணியா முஸ்லிம் ஆள் வருகிறார் என்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரையே பேசவையுங்கள், நீங்களாகக் காக்கா, வாப்பா என்று தூவாதீர்கள். மூன்று இனமும் இருக்கிற ஊர் இது, கெட்டவன் எல்லாம் ஒரு பக்கம், நல்லவன் எல்லாம் உங்கள் பக்கம் என்று கதை போனால் கொப்பியை எடுத்துப் பாருங்கள். கடன்காரர் பட்டியலில் எல்லாப் பெயரும் இருக்கும்.

மண்டபத்தில் பொதுமக்களுக்குக் காட்டுவதாக இருந்தால் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் தேவை, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். யூடியூப்பில் போட்டால் வயதுக் கட்டுப்பாட்டை நீங்களே போடுங்கள், முகப்புப் படத்தில் இரத்தம் வேண்டாம்.

ஏற்றுமுன் ஒரு வேலை. சினிமா தெரிந்த நண்பனுக்குக் காட்டாதீர்கள், வலை பொத்துகிற ஒருவருக்குக் காட்டுங்கள். எங்கள் படத்தை வாடியில் வைத்து ஒரு வயதான தண்டலுக்கு, படகோட்டிக்கு, போனிலேயே போட்டுக் காட்டினோம். கொலைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, கடன்காரர் வந்தபோது தலையை ஆட்டினார், கதாநாயகன் பொதியைக் கயிற்றால் கட்டிக் கடலில் இறக்கிய இடத்தில் மட்டும் சிரித்துவிட்டார். இந்த முடிச்சுப் போட்டவன் கடலுக்குப் போனவனே இல்லை, என்றார். அடுத்த ஞாயிறு அவரையே கூட்டிக்கொண்டுபோய் அந்த முடிச்சைத் திரும்ப எடுத்தோம், திரையில் தெரிகிற கை அவருடையது.